அந்தக் காலி வரியில் எழுதும் பெயரை யார் எண்ணுகிறார்கள்?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி முதல் தடவை அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடப் போகும் நம்மூர்க்காரர்களுக்கு வாக்குச்சீட்டைப் பார்த்ததும் இரண்டு ஆச்சரியங்கள் காத்திருக்கும். ஒன்று அதன் நீளம். அதிபர், செனட்டர், மாநிலச் சட்டமன்றம், நீதிபதி, ஷெரீப், பள்ளி வாரியம் என்று ஒரே தாளில் ஊர்ப் பதவி எல்லாம் வரிசையாக நிற்கும், சில இடங்களில் தாளைத் திருப்பி மறுபக்கமும் பார்க்கவேண்டும். இன்னொன்று, பெரும்பாலான மாநிலங்களில், அச்சடித்த பெயர்களுக்கு அடியில் ஒரு காலி வரியும் அதன் பக்கத்தில் பேனாவால் நிரப்ப ஒரு குட்டி வட்டமும் இருக்கும். மேலே உள்ள யாரையும் பிடிக்கவில்லையா, உங்களுக்குப் பிடித்தவர் பெயரை நீங்களே எழுதிக்கொள்ளலாம். இதைத்தான் ரைட்-இன் ஓட்டு என்கிறார்கள். உதயசூரியனா இரட்டை இலையா என்று சின்னத்தைத் தேடியே பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான சுதந்திரம் மாதிரித் தெரியும்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை இந்த வரியைச் சுற்றி ஒரே சண்டை திரும்பத் திரும்ப நடக்கிறது. இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களையும் சகிக்காத ஒருவர், வெளியே நிற்கும் யாரோ ஒருவரின் பெயரை எழுதப்போகிறேன் என்பார். உடனே நாலு பேர் பாய்ந்து வந்து, ஓட்டை வீணடிக்கிறாய், எதிராளிக்கு உதவுகிறாய் என்பார்கள். அவர் பதிலுக்கு மனசாட்சியைப் பற்றிப் பேசுவார். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்வதே இல்லை: எழுதிய அந்தப் பெயரை யாராவது படிப்பார்களா? என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதிபர் பதவிக்கு அந்த வரியைப் பயன்படுத்துவது பெரும்பாலும் பயனற்றது என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் அந்த நாலு பேர் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

அந்த வரி எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளியும். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் அரசு வாக்குச்சீட்டு அச்சடிக்கவே இல்லை. கட்சிகளே தங்கள் வேட்பாளர் பட்டியலை, தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிற மாதிரி வண்ணத் தாளில் அச்சடித்துக் கொடுக்கும், அதை வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் போடவேண்டும். யார் எந்தக் கட்சிக்குப் போடுகிறார் என்பது வாசலில் நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும், மிரட்டவும் காசு கொடுக்கவும் அதுவே வசதி. ஆனால் அந்த முறையில் வேறொரு சுதந்திரம் இருந்தது. பட்டியலில் ஒரு பெயர் பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு வேறு பெயர் எழுதலாம், அல்லது பசை தடவிய சின்னத் துண்டுத் தாளில் அச்சடித்த பெயரை அதன் மேல் ஒட்டிவிடலாம். 1856-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ரகசிய வாக்குச்சீட்டு முறையை 1888-ல் மாசசூசெட்ஸ் சட்டமாக்கியது, அடுத்த சில வருடங்களில் மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இப்போது அரசே சீட்டை அச்சடிக்கிறது, அப்படியென்றால் யார் பெயர் அதில் வரவேண்டும் என்பதையும் அரசே முடிவு செய்கிறது. அந்தப் பழைய அடித்து எழுதும் உரிமை காணாமல் போய்விடக்கூடாது என்பதற்காகப் பல மாநிலங்கள் விட்டுவைத்த இடம்தான் இந்தக் காலி வரி.

ஆக அது ஏமாற்று வேலை இல்லை, ஒரு நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். மேயர் பதவிக்கோ பள்ளி வாரியத்துக்கோ அது இன்றும் சரியாகவே வேலை செய்கிறது. சிக்கல் அதிபர் பதவியில்தான்.

ஏனென்றால் அமெரிக்கர்கள் அதிபருக்கு நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. சீட்டில் அதிபர் வேட்பாளரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தாலும், நீங்கள் தேர்ந்தெடுப்பது அவருக்காக உங்கள் மாநிலத்தில் முன்கூட்டியே நிறுத்தப்பட்ட தேர்வாளர்கள் குழுவை. நாடு முழுக்க 538 தேர்வாளர்கள், 270 பேர் கிடைத்தால் அதிபர். மேயின், நெப்ராஸ்கா இரண்டையும் தவிர மற்ற மாநிலங்களில் முதலிடம் வந்தவருக்கே மொத்தத் தேர்வாளர்களும். இப்போது நீங்கள் காலி வரியில் ஒரு பெயரை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு உங்கள் மாநிலத்தில் தேர்வாளர்களே இல்லையென்றால் நீங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள்? யாரையும் இல்லை. ஒரு அதிசயம் நடந்து மாநிலத்தில் பாதிப் பேர் அதே பெயரை எழுதியிருந்தாலும் மாநிலத் தலைநகருக்குப் போய் அவருக்காக வாக்களிக்க ஆள் இல்லை.

அதனால்தான் பெரும்பாலான மாநிலங்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கின்றன: ரைட்-இன் வேட்பாளராக எண்ணப்படவேண்டுமென்றால் தேர்தலுக்கு முன்பே அதற்கான படிவம் தாக்கல் செய்யவேண்டும், பல இடங்களில் தேர்வாளர் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அப்படிச் செய்யாதவர் பெயரை எழுதினால் அந்த ஓட்டு அந்தப் பெயரில் எண்ணப்படாது. சில மாநிலங்கள் தாராளம், யார் பெயரை எழுதினாலும் எண்ணுவார்கள். ஹவாய், நெவாடா, ஒக்லஹோமா, தெற்கு டகோட்டா, லூசியானா உள்ளிட்ட சில மாநிலங்களில் அதிபர் பதவிக்கு அந்த வரியே கிடையாது.

ஹவாய்க் கதை தனியாகச் சொல்லவேண்டியது. 1986-ல் ஹொனலூலுவைச் சேர்ந்த ஒரு வாக்காளர் தன் தொகுதியில் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரே ஒருவர்தான் மனுச் செய்திருக்கிறார் என்று பார்த்தார். போட்டியே இல்லை. சரி, எனக்குப் பிடித்தவர் பெயரையாவது எழுதுகிறேன் என்றால் அதற்கும் அந்த மாநிலத்தில் அனுமதி இல்லை. வழக்குப் போட்டார், அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1992-ல் பர்டிக் எதிர் டகுஷி வழக்கில் 6-க்கு 3 என்ற கணக்கில் அவர் தோற்றார். ஹவாயில் வேட்பாளராக நிற்பது எளிது, அதற்குக் காலக்கெடுவுக்குள் வரவேண்டும், தேர்தல் என்பது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடே தவிர அவரவர் மனக்குறையைக் கொட்டும் இடமாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை என்பதுதான் பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். நீதிபதி கென்னடி உள்ளிட்ட மூவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிடிக்காத ஒருவரைத் தவிர வேறு பெயரே இல்லாதபோது அந்த வாக்காளருக்கு அர்த்தமுள்ள ஓட்டு ஏது என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அந்த மூவர் பக்கம்தான் சாய்வு. ஆனால் சட்டம் இன்றைக்கு மற்ற ஆறு பேர் சொன்னதுதான்: ரைட்-இன் என்பது அரசியல் சட்டம் தந்த உரிமை இல்லை, மாநிலம் விரும்பினால் தரும் சலுகை.

எண்ணும் அறைக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சீட்டை ஸ்கேன் செய்யும் இயந்திரம் உங்கள் கையெழுத்தைப் படிப்பதில்லை. காலி வரிக்குப் பக்கத்தில் உள்ள வட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கும், நிரப்பியிருந்தால் ‘ரைட்-இன் ஒன்று’ என்று குறித்துக்கொண்டு சீட்டையோ அதன் படத்தையோ தனியாக ஒதுக்கும். தேர்தல் இரவில் வெளிவரும் கணக்கில் எல்லா ரைட்-இன்களும் ஒரே எண்ணாகத்தான் இருக்கும், மிக்கி மவுஸ், பக்கத்து வீட்டுக்காரர், கவனமாக யோசித்து எழுதிய உங்கள் வேட்பாளர் எல்லாரும் ஒரே மூட்டையில். அப்புறம் ஊழியர்கள் உட்கார்ந்து, முறைப்படி பதிவு செய்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களை மட்டும் பிரிப்பார்கள். நியூயார்க், விஸ்கான்சின் மாதிரியான மாநிலங்களின் அதிகாரபூர்வ முடிவுகளில் மிச்சமிருப்பதற்கு ஒரு பெயர் உண்டு, தமிழில் சொன்னால் ‘சிதறியவை’. பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு உண்மையான தேர்தலை எடுத்துக்கொள்வோம், 2016. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் முன்தேர்தலில், ஹிலாரி கிளின்டனிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸ் ஜூலையில் மேடையேறி அவருக்கே ஆதரவு சொல்லிவிட்டார். சாண்டர்ஸ் பல வருடங்கள் சுயேச்சையாக இருந்து அந்தக் கட்சிக்குள் வெளியாளாகவே வந்தவர், அவருடைய தொண்டர்களில் ஒரு பகுதியினர் தலைவர் சொன்னதைக் கேட்கத் தயாராக இல்லை, அவர் பெயரை எழுதியே தீருவோம் என்று கிளம்பினார்கள். கலிபோர்னியாவில் இருந்தவர்கள் கெட்டிக்காரர்கள், சட்டப்படி 55 தேர்வாளர்களின் பட்டியலைத் தாக்கல் செய்தார்கள். அதனால் அங்கே சாண்டர்ஸுக்கு விழுந்த 79,341 ரைட்-இன் ஓட்டுகள் அவர் பெயரிலேயே ஆவணத்தில் இருக்கின்றன. அவருடைய சொந்த மாநிலமான வெர்மான்டில் 18,218 பேர் எழுதினார்கள், மாநில வாக்குகளில் கிட்டத்தட்ட 6 சதவீதம், பிரசாரமே செய்யாத ஒருவருக்கு அது சாதாரணமில்லை. ஆனால் இவர் பெயரைப் பதிவு செய்யாத மாநிலங்களில் எழுதியவர்கள் எத்தனை பேர் என்று இன்றைக்கு யாராலும் சொல்லமுடியாது. அந்த ஓட்டுகள் மூட்டைக்குள் போய்விட்டன.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த வருடம் டிசம்பரில் தேர்வாளர்கள் கூடி வாக்களித்தபோது சாண்டர்ஸுக்கு ஒரே ஒரு தேர்வாளர் ஓட்டு விழுந்தது. எங்கிருந்து தெரியுமா, ஹவாயிலிருந்து! கிளின்டனுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் கட்சி மாறிப் போட்டது அது. பொதுமக்கள் யாரும் சாண்டர்ஸ் பெயரை எழுதவே முடியாத மாநிலம். கலிபோர்னியாவின் 79 ஆயிரத்துக்குப் பூஜ்யம். அதே தேர்தலில் போட்டியிலேயே இல்லாத காலின் பவலுக்கு வாஷிங்டன் மாநிலத் தேர்வாளர்கள் மூன்று பேர் ஓட்டுப் போட்டு, தேர்வாளர் எண்ணிக்கையில் அவரை நாட்டிலேயே மூன்றாவது இடத்தில் உட்காரவைத்தார்கள். இப்படி மாறிப் போடுவதை மாநிலங்கள் தடுக்கலாம், தண்டிக்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதால் அந்தச் சன்னலும் கிட்டத்தட்ட மூடியாகிவிட்டது.

சரி, அந்த நாலு பேர் சொல்லும் ‘எதிராளிக்கு உதவுகிறாய்’ விஷயத்துக்கு வருவோம். நம்மூரில் ‘ஓட்டைப் பிரிக்க வந்தவர்’ என்று ஒரு பட்டம் உண்டே, அதே வாதம். இதில் பாதி உண்மை, சொல்லப்போனால் சரியாகப் பாதி. நீங்கள் வழக்கமாக ‘அ’ கட்சிக்குப் போடுகிறவர் என்றால், வேறொருவர் பெயரை எழுதும்போது அவர்களுக்கு ஒரு ஓட்டுக் குறைகிறது. நேராகப் போய் ‘ஆ’ கட்சிக்குப் போட்டிருந்தால் ஒன்று குறைந்து எதிர்ப்பக்கம் ஒன்று கூடியிருக்கும், வித்தியாசம் இரண்டு. ஆக ரைட்-இன் என்பது எதிராளிக்கு அரை ஓட்டு. எப்போதுமே இரண்டு கட்சிக்கும் போடாதவர் என்றால் அந்த அரையும் கிடையாது, அவர் வீட்டில் இருந்ததற்கும் எழுதியதற்கும் கணக்கில் வித்தியாசமில்லை.

அந்த அரை ஓட்டுக்கு மதிப்பு இருக்கிறதா என்பதை மாநிலம்தான் தீர்மானிக்கிறது. 2016-ல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் டிரம்ப் முந்திய வித்தியாசத்தைக் கூட்டினால் சுமார் 78 ஆயிரம் வரும். கலிபோர்னியாவில் சாண்டர்ஸ் பெயரை எழுதியவர்கள் அதைவிட அதிகம். ஆனால் கலிபோர்னியாவில் கிளின்டன் 40 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார், அந்த 79 ஆயிரம் பேர் என்ன எழுதியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அதே எண்ணிக்கை மிச்சிகனில் விழுந்திருந்தால் கதை வேறு, அங்கே வித்தியாசமே 10,704 தான். 2000-ல் புளோரிடாவில் புஷ்ஷை அதிபராக்கியது 537 ஓட்டு, சிறு கட்சி வேட்பாளர் ரால்ஃப் நாடருக்கு அங்கே 97 ஆயிரத்துக்கு மேல் விழுந்திருந்தது. நாடர் பெயர் சீட்டிலேயே அச்சாகியிருந்தது, அது ரைட்-இன் இல்லை, என்றாலும் கணக்கு ஒன்றுதான். இருபது வருடம் கழித்தும் அவரைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரைட்-இன் மட்டுமே ஒரு முடிவை உரசிப்போன சம்பவம் வேண்டுமென்றால் 2017 டிசம்பரில் அலபாமாவில் நடந்த செனட் இடைத்தேர்தல். குடியரசுக் கட்சி வேட்பாளர் ராய் மூர் மேல் பாலியல் குற்றச்சாட்டுகள் வந்திருந்தன. அதே கட்சியின் மூத்த செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி, என்னால் அவருக்குப் போடமுடியாது, வேறு ஒரு நல்ல குடியரசுக் கட்சிக்காரர் பெயரை எழுதினேன் என்று தொலைக்காட்சியில் சொன்னார். முடிவில் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் 22 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான வித்தியாசத்தில் வென்றார். ரைட்-இன் ஓட்டுகள் 22 ஆயிரத்துக்குச் சற்று மேல். அவ்வளவும் மூருக்கு விழவேண்டியவை என்று சொல்லமுடியாதுதான். ஆனால் எதிர்க்கட்சிக்குக் கைவராது, சொந்தக் கட்சிக்கும் மனம் வராது என்ற நிலையில் இருந்தவர்களுக்கு அந்தக் காலி வரி ஒரு கதவாக இருந்தது, அதன் விளைவும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ரைட்-இன்னைப் புரிந்து பயன்படுத்துவது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

ஷெல்பி மாதிரிப் பெரிய மனிதர்கள் பெயர் எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மிட் ராம்னி 2016-ல் தன் மனைவி பெயரை எழுதினார். மேரிலாந்து ஆளுநராக இருந்த லாரி ஹோகன் 2016-ல் தன் அப்பா பெயரையும், 2020-ல் ரொனால்ட் ரேகன் பெயரையும் எழுதினார், ரேகன் இறந்தது 2004-ல். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2020-ல் காண்டலீசா ரைஸ் பெயரை எழுதியதாகச் சொன்னார். இவர்களுக்கெல்லாம் இது ஓட்டு என்பதைவிட ஓர் அறிக்கை. எழுதிவிட்டு வெளியே வந்து சொல்வதற்கு மைக் இருக்கிறது, மறுநாள் செய்தியாகும். நீங்களும் நானும் எழுதினால் அது சீட்டோடு முடிந்துவிடும். ‘என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்’ என்று சொல்கிறவர்கள் யோசிக்கவேண்டிய இடம் இது, பதிவேடு என்று ஒன்று இருந்தால்தானே பதிவு.

ரைட்-இன்னில் யாருமே ஜெயித்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1954-ல் தெற்குக் கரோலினாவில் ஸ்ட்ராம் தர்மண்ட் அப்படித்தான் செனட்டுக்குப் போனார். அதைவிடச் சுவையானது 2010-ல் அலாஸ்காவில் லிசா முர்கோவ்ஸ்கி. பதவியில் இருந்த செனட்டர், கட்சியின் பிரைமரியில் ஜோ மில்லரிடம் தோற்றுவிட்டார், சீட்டில் பெயர் கிடையாது. செப்டம்பரில் ரைட்-இன் வேட்பாளராக இறங்கினார். அவருடைய பெரிய கவலை கொள்கை இல்லை, எழுத்துப் பிழை! ஆங்கிலத்தில் அந்தக் குடும்பப் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவது அமெரிக்கர்களுக்கே சள்ளை பிடித்த வேலை. விளம்பரங்களில் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார்கள், நிரப்பவேண்டிய வட்டத்தோடு பெயரை அச்சடித்துக் கைப்பட்டைகள் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. பிழையாக எழுதியவற்றை எண்ணக்கூடாது என்று மில்லர் நீதிமன்றம் போனார், வாக்காளர் யாரை நினைத்தார் என்பது தெரிந்தால் போதும், எழுத்துத் தேர்வு வைக்கத் தேவையில்லை என்ற ரீதியில் தீர்ப்பு வந்தது. மில்லர் ஆட்சேபித்த எட்டாயிரத்துச் சொச்சம் சீட்டுகளைக் கழித்தாலும் முர்கோவ்ஸ்கிதான் முன்னிலை. (இல்லினாய் மாநில அரசியல்வாதி ராஜா கிருஷ்ணமூர்த்தியை இப்படி நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் பெயரை நாமே நாலு விதமாக எழுதுவோம்.)

2013-ல் டெட்ராய்ட் மேயர் பதவிக்கு மைக் டக்கன் நின்றபோது, ஊரில் ஒரு வருடம் குடியிருக்கவேண்டும் என்ற விதியில் சில நாள் குறைகிறது என்று சீட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. அவர் ரைட்-இன் ஆகப் பிரைமரியை ஜெயித்து, நவம்பரில் மேயரும் ஆனார். அந்தப் பிரைமரியில் ஏறக்குறைய அதே பெயருள்ள ஒரு முடிதிருத்துபவரும் ரைட்-இன் வேட்பாளராக இறங்கினார். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்துக்கு எதிராக எத்தனை ஓ. பன்னீர்செல்வங்கள் நின்றார்கள் என்று ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இந்த உத்தி புதிதாக இருக்காது.

அதிபர் தேர்தல் பக்கம் வந்தால் பிரைமரியில் மட்டும் இது பலித்திருக்கிறது. 1964-ல் ஹென்றி கேபட் லாட்ஜ் சைகோனில் தூதராக இருந்தார், அமெரிக்காவில் காலே வைக்காமல் நியூ ஹாம்ப்ஷயரில் ரைட்-இன் மூலம் கோல்ட்வாட்டர், ராக்ஃபெல்லர் இருவரையும் தோற்கடித்தார். 2024-ல் கட்சிக்குள் நடந்த அட்டவணைத் தகராறில் பைடன் பெயர் அதே மாநிலத்தின் சீட்டில் இல்லை, ஆதரவாளர்கள் எழுதியே ஜெயிக்க வைத்தார்கள். ஜெயித்த இந்த ஐவரையும் பாருங்கள். ஊரறிந்த பெயர், அல்லது பணமும் ஆளும். இது வெளியாளின் ஆயுதம் என்று பேசப்பட்டாலும், ஜெயித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் உள்ளே இருந்தவர்கள்தான். கதவு சாத்தப்பட்டபோது சன்னல் வழியாக ஏறி வந்தார்கள்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். அதிபர் பதவிக்கு ஒரு வெளியாள் வருகிறார், நாட்டையே மாற்றுவேன் என்கிறார். சீட்டில் பெயர் வரவைப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். டென்னசியில் 275 கையெழுத்துப் போதும், ஆனால் கலிபோர்னியாவில் சுயேச்சைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வேண்டும், காசில்லாதவரால் முடியாது. இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து எழுப்பிய சுவர் அது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரைட்-இன் வேட்பாளராகப் பதிவு செய்வது பல மாநிலங்களில் அந்த அளவு சுமை இல்லை: ஒரு படிவம், ஒரு தேர்வாளர் பட்டியல், ஒரு கடைசித் தேதி. அதைக்கூடச் செய்யாமல் ‘என் பெயரை எழுதுங்கள்’ என்று மட்டும் சொல்கிற வேட்பாளர், எண்ணப்படாது என்று தெரிந்தே உங்கள் ஓட்டைக் கேட்கிறார். உங்கள் மாநிலத்தில் அவருக்காகத் தேர்வாளராக நிற்க நாலு பேரைப் பிடிக்கமுடியாதவர் அமைச்சரவைக்கு யாரைப் பிடிப்பார்? ஓட்டை வீணடித்ததாக வாக்காளரைத் திட்டுகிறார்கள், என்னைக் கேட்டால் பாதித் திட்டு அந்த வேட்பாளருக்குப் போகவேண்டும்.

இரண்டு கட்சியும் வேண்டாம் என்பதுதான் நோக்கம் என்றால் சீட்டில் அச்சாகியிருக்கும் சிறு கட்சி வேட்பாளருக்குப் போடுவது இதைவிட மேல். அந்த ஓட்டு பெயரோடு எண்ணப்படும். பல மாநிலங்களில் குறிப்பிட்ட சதவீதம் வாங்கிய கட்சிக்கு அடுத்த தேர்தலில் கையெழுத்து வேட்டை இல்லாமலே இடம் கிடைக்கும், நாடு முழுக்க 5 சதவீதம் தொட்டால் அடுத்த அதிபர் தேர்தலுக்கு அரசுப் பணம் கூட உண்டு. 1996-ல் ராஸ் பெரோ அந்தக் கோட்டைத் தாண்டியதால்தான் 2000-ல் அவருடைய சீர்திருத்தக் கட்சிக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. ஆனால் அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம்: அதே பெரோ 1992-ல் எல்லா மாநிலங்களிலும் சீட்டில் இருந்து, 1 கோடியே 97 லட்சம் ஓட்டு வாங்கி, ஒரு தேர்வாளர் கூடக் கிடைக்காமல் போனவர்.

நெவாடாவில் வேறொரு ஏற்பாடு. ரைட்-இன் கிடையாது, அதற்குப் பதில் 1970-களிலிருந்தே ‘இவர்களில் யாரும் இல்லை’ என்று ஒரு வரி அச்சாகியே இருக்கும். நம் நோட்டாவுக்கு அண்ணன். 49-ஓ காலத்தில் வாக்குச்சாவடி அதிகாரியிடம் எல்லார் காதிலும் விழச் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது, 2013 தீர்ப்புக்கு அப்புறம்தான் நமக்குப் பொத்தானே வந்தது. 2024 பிப்ரவரியில் நெவாடாவின் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் டிரம்ப் பெயர் இல்லை, அவர் தனியாக நடந்த காக்கஸில், அதாவது கட்சியே நடத்தும் தேர்வுக் கூட்டத்தில், நின்றார். நிக்கி ஹேலி சுலபமாக ஜெயிப்பார் என்றிருந்தபோது ‘யாரும் இல்லை’ 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி அவரைத் தோற்கடித்தது. அங்கேயும் இங்கே மாதிரித்தான், யாரும் இல்லை முதலில் வந்தாலும் மனிதர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே வென்றவர். ஆனால் எத்தனை பேர் வெறுத்தார்கள் என்ற எண்ணாவது ஆவணத்தில் நிற்கிறது. எதிர்ப்பு மட்டும் நோக்கமென்றால் இது காலி வரியைவிட நேர்மையான கருவி.

மேயினிலும் அலாஸ்காவிலும் இந்தத் தலைவலியே பாதி குறைவு. அங்கே வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசைப்படுத்தலாம், முதல் ஆள் கழிந்தால் ஓட்டு இரண்டாவது ஆளுக்கு நகரும், காலி வரியில் எழுதுகிற பெயரையும் அந்த வரிசையில் சேர்க்கலாம். இலங்கை வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2024-ல் தமிழ்ப் பொது வேட்பாளருக்கு ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டை யாருக்குப் போடுவது, போடலாமா கூடாதா என்று வடக்கு கிழக்கில் நடந்த விவாதம் கிட்டத்தட்ட இதே விவாதம்தான், அந்தத் தேர்தலில்தான் அங்கே முதல் தடவையாக இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்டன. மற்ற அமெரிக்க மாநிலங்களில் அதிபர் தேர்தலில் உங்களுக்கு இரண்டாவது விருப்பம் என்று ஒன்று கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகு எழுதியே தீருவேன் என்கிறீர்களா, எழுதுங்கள், உங்கள் ஓட்டு. முதலில் மாநிலத் தேர்தல் துறையின் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட ரைட்-இன் வேட்பாளர் பட்டியலைத் தேடுங்கள், பட்டியல் வைத்திருக்கும் பல மாநிலங்களில் அது தேர்தலுக்குச் சில வாரம் முன்னால்தான் வரும். உங்கள் ஆள் அதில் இருக்கிறாரா பாருங்கள். இழுபறி மாநிலத்தில் இருந்தால், அந்த அரை ஓட்டு யாருக்குப் போகிறது என்பதைத் தெரிந்தே கொடுக்கிறீர்களா என்று ஒரு இரவு யோசியுங்கள். நியூயார்க்கோ கலிபோர்னியாவோ என்றால் இந்தப் பயம் தேவையே இல்லை, அங்கே ‘நீதான் தோற்கடித்தாய்’ என்று யாராவது சொன்னால் மாநிலத்தின் வித்தியாசக் கணக்கைக் காட்டுங்கள். அந்த ஆத்திரத்தில் மிச்சத் தாளை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள், பள்ளி வாரியத்துக்குச் சில நூறு ஓட்டில் முடிவாகிற போட்டிகள் கீழே இருக்கின்றன, உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி அது.

எழுதும்போது வட்டத்தை நிரப்ப மறக்காதீர்கள். நிரப்பாவிட்டால் பல இடங்களில் இயந்திரத்துக்கு நீங்கள் அந்தப் பதவிக்கு ஓட்டே போடவில்லை. அதேபோல மேலே அச்சான ஒரு பெயருக்கும் வட்டத்தை நிரப்பிவிட்டுக் கீழே வேறு பெயரும் எழுதினால் பல இடங்களில் அந்தப் பதவிக்கான உங்கள் ஓட்டு செல்லாததாகிவிடும். பெயரை மாநிலத்தின் அந்தப் பட்டியலில் உள்ளபடி, எழுத்துப் பிழை இல்லாமல், தனித்தனி எழுத்தாக எழுதுங்கள். எல்லா மாநில நீதிபதிகளும் அலாஸ்காக்காரர்கள் மாதிரி இருப்பார்கள் என்று சொல்லமுடியாது.